எல்லாமே காப்புரிமை இல்லை

இட்லிப் பொடி வியாபாரம் செய்கிற என் அண்ணன் மகன் போன வாரம் வந்து, "சித்தப்பா, பொடிக்குக் காப்புரிமை வாங்கியாச்சு" என்றான். சான்றிதழைப் பார்த்தால், அது பாக்கெட்டில் உள்ள பெயருக்குக் கிடைத்த வணிகக்குறிப் பதிவு. அந்தப் பெயரில் வேறு யாரும் பொடி விற்க முடியாது, ஆனால் அதே பொடியை வேறு பெயரில் யார் வேண்டுமானாலும் அரைத்து விற்கலாம். இது தெரியாமல், இனி யாரும் திருட முடியாது என்ற தைரியத்தில் செய்முறையை இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டான். விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவரின் விளம்பரத் தாளில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், காப்புரிமை. இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

காப்புரிமை என்று நாம் தமிழாக்குகிற பேட்டன்ட், 'திறந்திருத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. முத்திரையை உடைக்காமலே எவரும் படிக்கும்படி அரசர் விடுத்த திறந்த மடல்தான் முதலில் அந்தப் பெயரைப் பெற்றது. கண்டுபிடித்தவருக்கு உரிமை தருவதற்கென்று 1474இல் வெனிஸ் சட்டமே போட்டது.

மூலத்தில் திறப்பு, தமிழில் காப்பு! கண்டுபிடித்ததை ஒளிக்காமல் ஊருக்கு விளக்கிச் சொல், பதிலுக்கு 20 ஆண்டு உனக்கு மட்டும் உரிமை என்பதுதான் ஏற்பாடு. இந்தியாவில் விண்ணப்பித்து 18 மாதம் ஆனால் விவரம் பொதுவாக வெளியாகிவிடும். 'காப்பு' என்ற சொல் இதில் எதையும் உணர்த்தவில்லை. பாட்டுக்கும் காப்பு உண்டு, கடைப் பெயருக்கும் உண்டு, பட்டுச் சேலைக்கும் உண்டு. போதாததற்கு ஒலி வேறு காப்பிரைட்டை நினைவூட்டுவதால் அதையும் காப்புரிமை என்றே எழுதுகிறார்கள். அது ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நீளும் வேறொரு உரிமை, அதற்குப் பதிப்புரிமை என்ற நல்ல சொல் இருக்கிறது. பாட்டும் படமும் பதிப்பா என்று கேட்பவர்களுக்கு, பாட்டைப் 'பதிவு' செய்கிறோம் என்று நாம் சொல்வதில்லையா? வேர் ஒன்றுதான்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் காப்புரிமை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தனி ஒருவரின் கண்டுபிடிப்புக்குக் கிடைத்ததே அல்ல, அந்த வட்டாரத்தில் அதைச் செய்கிறவர்களுக்குப் பொதுவானது.

பேட்டன்டுக்கு நான் 'புத்தாக்க உரிமை' என்றே எழுதுகிறேன். புதிதாக ஆக்கியதற்குத்தான் கிடைக்கும் என்பது சொல்லிலேயே தெரிகிறது. காப்புரிமை ஊன்றிப்போன சொல், மாற்ற முடியாது என்கிறீர்களா? சரி, அப்படியானால் அதைப் பேட்டன்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வணிகக்குறிக்கும் பதிப்புக்கும் மிட்டாய்க்கும் நீட்டாதீர்கள். படிவங்களைத் தமிழாக்குகிறவர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், பணம் கட்டுகிறவன்தான் ஏமாறுகிறான்.

தெரிந்த பருப்பையும் மிளகாயையும் வெறுமனே கலந்ததற்கு இந்தியச் சட்டம் புத்தாக்க உரிமை தராது. அண்ணன் மகன் செய்திருக்க வேண்டியது பெயரைப் பதிந்துவிட்டு, செய்முறையை வெளியே சொல்லாமல் இருப்பதுதான். விளம்பரத் தாளில் வணிகக்குறி என்று போட்டிருந்தால் அவனே கேட்டிருப்பான், அப்போ பொடிக்கு என்ன சித்தப்பா என்று.