பருவநிலை மாற்றமா, காலநிலை மாற்றமா?

‘பருவநிலை மாற்றத்தால் சளி, காய்ச்சல் பரவுகிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.’ ஐப்பசி பிறந்துவிட்டால் ஏதாவது ஒரு நாளிதழில் இந்தச் செய்தி வந்துவிடும். அதில் தப்பில்லை. வெயில் போய் மழை வந்தால் சளி பிடிக்கத்தான் செய்யும். அதே இதழைப் புரட்டினால், ‘பருவநிலை மாற்றத்தால் இமயத்தில் பனிப்பாறைகள் உருகுகின்றன’ என்று இன்னொரு செய்தி. கஷாயம் குடித்தால் சரியாகிவிடும் சங்கதிக்கும், பூமி முழுக்கத் தடம் மாறுவதற்கும் ஒரே பெயர்! படிக்கிறவர் இரண்டையும் ஒரே அலட்சியத்தோடு தாண்டிப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த இரண்டாவது சங்கதிக்கு ஆங்கிலத்தில் ‘கிளைமேட் சேஞ்ச்’ என்று பெயர். ‘கிளைமேட்’டின் வேர் கிரேக்கத்தின் ‘கிளிமா’, பொருள், சாய்வு. வெயில் எந்த அளவு சாய்ந்து விழுகிறது என்பதை வைத்து கிரேக்கர்கள் பூமியைப் பட்டை பட்டையாகப் பிரித்திருந்தார்கள். பட்டையின் பெயர், லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நாளடைவில் அங்கே நிலவும் வெப்பம், மழை, காற்று எல்லாவற்றுக்குமான பெயராகிவிட்டது. இன்று அறிவியலில் ஓர் இடத்தின் கிளைமேட் என்றால், நெடுங்காலம் அளந்து பார்த்த வானிலையின் பொதுப்போக்கு. வழக்கமாக 30 ஆண்டுக் கணக்கு. இப்போது உலக வானிலை அமைப்பு ஒப்பிட எடுத்துக்கொள்வது 1991 முதல் 2020 வரை.

இதைத் தமிழில் சொல்ல நம்மிடம் மூன்று தெளிவான சொற்கள் இருக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது வானிலை. அது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை பருவம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில்தான் கிடைக்கும் என்று பல பத்தாண்டுக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறோமே, அது காலநிலை. இதற்குமேல் என்ன குழப்பம்?

குழப்பம் ‘பருவநிலை’யால் வருகிறது. பருவம் என்றாலே போய்த் திரும்பி வருவது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தே தீரும். பருவம் மாறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அப்படி மாறுவதையே இயல்பாகக் கொண்ட ஒன்றோடு ‘மாற்றம்’ என்று சேர்த்துச் சொன்னால் யாருக்கு உறைக்கும்? ஹவாய்த் தீவில் உள்ள மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த கரியமிலவாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அது ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறி இறங்கவும் செய்கிறது. வடகோளத்தில் மரம் துளிர்க்கும்போது குறையும், இலை உதிர்ந்தபின் கூடும். அந்த ஏற்ற இறக்கம் பருவத்தின் வேலை. அதையும் சுமந்துகொண்டு வரைபடத்தில் கோடு மொத்தமாக மேலே போகிறதே, நாம் பெயர் வைக்க வேண்டியது அதற்கு. ‘பருவநிலை’ என்ற சொல்லோ போய்ச் சரியாக அந்த ஆண்டு ஏற்ற இறக்கத்தின்மேல் உட்காருகிறது.

‘மழைக்காலம், கோடைக்காலம் என்கிறோமே, காலமும் பருவம்தானே’ என்று ஒரு வாதம் வரும். பாதி உண்மை. ஆனால் காலம் பெரிய சொல்; சங்ககாலம் என்றால் யாரும் அதை மூன்று மாதம் என்று நினைப்பதில்லை. 30 ஆண்டும் அதற்குள் அடங்கும், பனியுகமும் அடங்கும். பருவத்துக்குள் அடங்காது. நுண்காலநிலை (ஒரு சிறு இடத்துடையது), தொல்காலநிலை (பழங்காலத்துடையது) என்று மேலும் சொல் கட்டவும் வசதி. ‘நுண்பருவநிலை’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

தூய தமிழ் அன்பர்கள் ‘காலம் வடசொல்’ என்பார்கள். அந்த வழக்கில் பருவத்துக்கும் ‘பர்வ’த்தோடு உறவு சொல்கிறவர்கள் உண்டு, அதனால் அந்தக் கணக்கு நேராகிவிட்டது. பழைய பாடநூல்களின் ‘தட்பவெப்பநிலை’யோ குளிரையும் சூட்டையும் மட்டும் சொல்லிவிட்டு மழையையும் காற்றையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

டெல்லியின் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தமிழ்ப் பெயரில் ‘பருவநிலை மாற்றம்’ இருக்கிறது; சென்னைக் கோட்டையில் துறையின் பெயர் ‘சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை’. ஒரே அறிக்கை இரண்டு இடத்திலிருந்தும் வந்தால் மொழிபெயர்ப்பவர் எதைப் போடுவார்? பாதி நேரம் இரண்டையும் போடுகிறார், முதல் பத்தியில் ஒன்று, மூன்றாம் பத்தியில் ஒன்று. போதாததற்கு ‘பருவகால மாற்றம்’ என்று மூன்றாவதாக ஒன்றையும் அவ்வப்போது சேர்த்துக்கொள்கிறார். பக்கத்துக்குப் பக்கம் பெயர் மாறினால், இவை வேறு வேறு என்றுதானே மாணவன் நினைப்பான்?

இலங்கைச் செய்திகளிலும் ஒரு சிக்கல். ‘சீரற்ற காலநிலை காரணமாகப் பாடசாலைகளுக்கு விடுமுறை’ என்பார்கள். நல்ல சொல்லை எடுத்து வானிலைக்குச் செலவழித்துவிடுகிறார்கள். ‘சீரற்ற வானிலை’ என்று எழுதுகிறவர்களும் அங்கேயே இருக்கிறார்கள், அவர்களைப் பின்பற்றினால் போதும். நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஊட்டியில் வண்டியை விட்டு இறங்கியதும், ‘கிளைமேட் சூப்பரா இருக்கு’ என்கிறோம். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அடித்த காற்றைத்தான் சொல்கிறோம்.