பிரேக்கர் பார்க்காததைப் பார்க்கும் பெட்டி

அமெரிக்க கேம்பிங் மைதானங்களில் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) நிறுத்தும் இடந்தோறும் ஒரு மின்பெட்டி நட்டிருக்கும். டிரெய்லரின் தடித்த கேபிளை அதில் செருகினால் 120 வோல்ட் உள்ளே வந்துவிடும். சிறிய டிரெய்லர்களுக்கு 30 ஆம்பியர் இணைப்பு, அதாவது 3,600 வாட். ஏசி, மைக்ரோவேவ், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அளவு மீறினால் பிரேக்கர் விழும். ஆனால் பிரேக்கருக்குத் தெரிந்தது கரண்ட் ஒன்றுதான். எர்த் கம்பி அறுந்திருந்தாலும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் அது கண்டுகொள்ளாது.

இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கும் வேலையை இ.எம்.எஸ். எனப்படும் மின் மேலாண்மைப் பெட்டி செய்கிறது. உள்ளே ஓர் அளவீட்டுச் சர்க்யூட், ஒரு பெரிய காண்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), மின்னல் போன்ற திடீர் எழுச்சிகளை உறிஞ்சும் வேரிஸ்டர்கள். வரும் மின்சாரத்தை முதலில் அளக்கும். சரியாக இருந்தால்தான் காண்டாக்டர் மூடி, மின்சாரத்தை உள்ளே விடும். புரோகிரசிவ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் பெட்டிகள் 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலோ 132-ஐத் தாண்டினாலோ இணைப்பைத் துண்டிக்கின்றன. நம் வீட்டு ஸ்டெபிலைசர்போல இது வோல்டேஜை ஏற்றிக் கொடுக்காது. வெட்டிவிடும், அவ்வளவுதான்.

கோடை மதியத்தில் மைதானம் முழுக்க ஏசி ஓடும்போது குறைந்த வோல்டேஜ் சகஜம். சுமையைத் தள்ள மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், காயில் சூடாகும், ஏசி கம்ப்ரசரின் ஆயுள் குறையும். மைதானத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 14 கேஜ் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்) எக்ஸ்டென்ஷன் வயர் 15 மீட்டருக்கு, போக வர, கால் ஓம் தடை தரும். 15 ஆம்பியர் ஓடினால் அதிலேயே ஏறக்குறைய 4 வோல்ட் போய்விடும். நல்ல 10 கேஜ் கேபிளில் அந்த இழப்பு ஒன்றரை வோல்ட்தான்.

பெரிய டிரெய்லர்களின் 50 ஆம்பியர் இணைப்பில் ஆபத்து வேறு வகை. அங்கே இரண்டு 120 வோல்ட் ஃபேஸ்கள், இரண்டுக்கும் நடுவே 240, இரண்டுக்கும் பொதுவான ஒரே நியூட்ரல். அந்த நியூட்ரல் கழன்றால் இரு பக்கச் சுமைகளும் தொடராக 240 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் 10 ஓம் சுமையாக ஏசி, மறுபக்கம் 60 ஓம் சுமையாக டிவியும் சார்ஜர்களும் என்றால், ஏசிக்கு 34 வோல்ட், டிவிக்கு 206 வோல்ட். ஓடும் கரண்டோ மூன்றரை ஆம்பியர்கூட இல்லை. பிரேக்கர் எதற்கு விழப்போகிறது? டிரெய்லருக்காக வீட்டில் பொருத்தும் 30 ஆம்பியர் சாக்கெட்டிலும் ஒரு பொறி உண்டு. அதைத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் சாக்கெட் என்று நினைத்து எலக்ட்ரீஷியன் 240 வோல்ட் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

செருகு வகைப் பெட்டியும் கிடைக்கிறது. ஆனால் வெளியே தொங்குவது மழையில் நனையும், திருட்டும் போகும். உள்ளே நிரந்தரமாகப் பொருத்துவதே மேல். கேபிளை மின்பெட்டியிலிருந்து உருவிவிடுங்கள். ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் இருந்தால் அவற்றையும் நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று மல்டிமீட்டரால் உறுதிசெய்யுங்கள். வெளி இணைப்பிலிருந்து டிரெய்லரின் பேனலுக்கு (உள்ளே இருக்கும் பிரேக்கர் பெட்டிக்கு) போகும் 10 கேஜ் கேபிளைத் தேடிப் பிடித்து, கட்டிலுக்கடியில் காற்றோட்டமுள்ள இடத்தில் வெட்டுங்கள். மின்பெட்டிப் பக்கத்து முனை 'லைன்' டெர்மினலுக்கு, பேனல் பக்கத்து முனை 'லோட்' டெர்மினலுக்கு. கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், வெற்றுச் செம்பு எர்த். 50 ஆம்பியருக்கு 6 கேஜ் கம்பி. அதில் சிவப்பு இரண்டாவது ஃபேஸ். கேபிள் நுழையும் துளைகளில் கிளாம்ப் போடாமல் விடாதீர்கள்.

திருகுகளைக் கையேடு சொல்லும் இறுக்கத்துக்குத் திருகுங்கள். டிரெய்லர் ஓடும்போது அதிரும், திருகு தளரும், தளர்ந்த இணைப்பு 25 ஆம்பியரில் உருகும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, திருகுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

செருகியதும் உடனே மின்சாரம் வராது. புரோகிரசிவ் பெட்டியில், ஏசி உள்ள டிரெய்லருக்கு 136 விநாடித் தாமதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நின்ற கம்ப்ரசரில் அழுத்தம் சமமாகும் முன்பே மின்சாரம் திரும்பினால், மோட்டார் சுழல முடியாமல் திணறும். திரையில் இ0 (E0) வந்தால் எல்லாம் சரி. இ1 ஃபேஸ்-நியூட்ரல் மாற்றம், இ2 எர்த் இல்லை, இ4 குறைந்த வோல்டேஜ். இ2 வந்தால் வேறு இடத்துக்கு மாறிவிடுங்கள். எர்த் இல்லாத டிரெய்லரில் எங்காவது ஃபேஸ் கசிந்தால் அதன் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறும், ஈரத் தரையில் நின்று கைப்பிடியைத் தொடுபவருக்கு அது உயிராபத்து.

ஒரே விதிவிலக்கு, சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படாததால் நல்ல ஜெனரேட்டரிலும் இ2 வரும். அதன் காலியான சாக்கெட்டில் அவ்விரண்டையும் இணைக்கும் பிளக் ஒன்றைச் செருகினால் பெட்டி ஏற்றுக்கொள்ளும். அந்த இணைப்பை டிரெய்லரின் பேனலுக்குள் மட்டும் செய்யவே கூடாது. மைதானத்து மின்சாரத்தில் ஓடும்போது நியூட்ரல் கரண்ட் எர்த் வழியாகவும் டிரெய்லரின் உடல் வழியாகவும் திரும்பத் தொடங்கிவிடும்.