கடலூர்ப் பிள்ளைகள் ஏன் மலையை வரைகிறார்கள்?

தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய், மூன்றாம் வகுப்பில் "இயற்கைக் காட்சி வரைங்க" என்று சொல்லிப் பாருங்கள். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஓரமாக ஒரு குடிசை, ஒரு தென்னை. கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் இதே படம்தான். தினமும் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். இந்தப் பக்கம் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது கேப்பர் மலை. அதுவும் செம்மண் மேடுதான், கூர்நுனி எல்லாம் கிடையாது.

குறை பிள்ளைகளிடம் இல்லை. யாரோ ஒருவர் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பார், அதைப் பார்த்துப் போட்டதற்கு "வெரி குட்" கிடைத்திருக்கும். அப்புறம் எதற்குப் புதிதாக யோசிக்க வேண்டும்? அதனால்தான் பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, பலகையில் மாதிரிப் படம் போடாதீர்கள் என்பதைத்தான்.

உடனே ஒரு பதில் வரும்: "சார், எனக்கே வரைய வராது." நியாயமான பயம்தான். தமிழக அரசுப் பள்ளிகளில் 2012-இல் பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை நியமித்தபோதும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான் நியமித்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பாசிரியரே எல்லாம். ஆனால் இந்த வயதில் ஆசிரியருக்கு வரையத் தெரிய வேண்டியதில்லை, கேட்கத் தெரிந்தால் போதும்.

"வீடு வரை" என்றால் ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் வரும். "நேத்து ராத்திரி உங்க வீட்டுல யார் யார் எங்க படுத்திருந்தீங்க?" என்று கேளுங்கள். பாய் வரும், மின்விசிறி வரும், திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் தாத்தா வருவார். 2024-இல் ஃபெஞ்சல் புயல் முடிந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அதற்குப் பின் ஒரு வகுப்பில், "தண்ணி வந்தப்போ முதல்ல எதைத் தூக்கி மேல வெச்சீங்க?" என்று கேட்டோம். கேஸ் சிலிண்டர், டிவி, ரேஷன் அரிசி, கோழிக்குஞ்சு என்று ஒரு தாளைப் போல இன்னொன்று இல்லை. இப்படிப்பட்ட கேள்வியில் வரைய விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தவே கூடாது.

வந்த படங்களில் "தப்பு" நிறைய இருக்கும். சுவருக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரியும். மீன்கூடை தூக்கும் அம்மாவின் கை உடம்பைவிட நீளமாக இருக்கும். எல்லாரும் தாளின் அடியில் ஒரே கோட்டின் மேல் வரிசையாக நிற்பார்கள். குழந்தை ஓவியங்களை வயதுவாரியாக ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே இதையெல்லாம் எழுதிவைத்துவிட்டார். ஏழிலிருந்து ஒன்பது வயதுவரை பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததையும் முக்கியம் என்று படுவதையும்தான் வரைவார்கள், கண்ணில் படுகிற அளவில் அல்ல. எனவே தாளில் சிவப்புப் பேனா வேண்டாம். ரப்பரையும் வாங்கி வைத்துவிடுங்கள். பாதி பீரியட் அழிப்பதிலேயே போய்விடுகிறது. "இது என்ன?" என்று கேட்காமல் "இதைப் பத்திச் சொல்லு" என்று உட்கார்ந்து கேளுங்கள்.

வண்ணத்துக்குப் பணம் இல்லை என்பார்கள். கேப்பர் மலைச் செம்மண்ணைச் சலித்துக் கொஞ்சம் கஞ்சியில் குழைத்தால் அருமையான காவி. அடுப்புக்கரி கருப்பு. மஞ்சள்தூளைக் கரைத்துச் சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு. அந்த நிறம் மாறுகிற நொடியில் வகுப்பே எழுந்து நிற்கும். சுண்ணாம்பை மட்டும் ஆசிரியர்தான் கையாள வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் வெயிலில் வெளுக்கும், பீட்ரூட் சில நாளில் பழுப்பாகும். அதையும் பிள்ளைகளே கவனித்துச் சொல்லட்டும்.

சுதந்திர தினப் போட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பரிசு வாங்குவது பெரும்பாலும் அப்பாக்கள்தான்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் கதை மாறும். "எனக்கு வரைய வராது டீச்சர்" என்று தாளை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை அங்கேதான் பார்க்கலாம். பார்ப்பது போலவே வரைய வேண்டும் என்ற ஆசை வரும் வயது அது. இப்போதுதான் உத்தி சொல்லித்தர வேண்டும், அதுவும் எதிரே பொருளை வைத்து. ஒரு முருங்கைக்காய் போதும். தாளைப் பார்க்காமல் காயின் விளிம்பைக் கண்ணால் தொடர்ந்தபடியே கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோணல்மாணலாகத்தான் வரும், ஆனால் எல்லாருக்கும் கோணல்தான் என்பதால் யாருக்கும் வெட்கம் இருக்காது.

அப்போதும் பென்சிலைத் தொடாத சிலருக்குக் களிமண் கொடுத்துப் பார்க்கலாம். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு, புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பிசைந்த மண்ணாகவே கேட்டுப் பாருங்கள். சுடாத உருவங்களை நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். களிமண் வகுப்பைக் கடைசி பீரியடில் வைத்துக்கொள்வது நல்லது. கைகால் கழுவிவிட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.