ஐந்து மணி பிராக்டிஸும் தவளைத் தோல் நிறமியும்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். பத்தாவது படிக்கும் மகள் கபடி டீமில் இருக்கிறாள், காலை 5 மணிக்கு கிரவுண்டில் நிற்க வேண்டும், ஆனால் ராத்திரி 11 ஆனாலும் தூக்கம் வரவில்லை என்கிறாள். படுக்கையில் போன் பார்ப்பதுதான் காரணமோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். மூதேவி பிடித்திருக்கிறது என்கிறாராம் பாட்டி. மூதேவிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. விளையாடிக் களைத்து வரும் பிள்ளையை அப்படித் திட்டுவதைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும்.

பருவ வயதில் உடம்புக் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் தாமதமாகச் சுரக்கிறது, விழித்திருக்கும்போது சேரும் தூக்க அழுத்தமும் சின்னப் பிள்ளைகளுக்கு ஏறுவதைவிட மெதுவாகத்தான் ஏறுகிறது. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். இதற்காகவே கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

சரி, அந்தக் கடிகாரத்துக்கு மணி எப்படித் தெரிகிறது? கண்ணில் கோல் செல், கூம்பு செல் இரண்டும் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது பாடப்புத்தகத்தில் இல்லாத காலத்தில் படித்தவன் நான். 1998இல் ஒரு தவளையின் தோலில், ஒளி பட்டால் நிறம் மாறும் செல்களில், மெலனாப்சின் என்ற நிறமியைக் கண்டுபிடித்தார்கள். அதே நிறமி நம் விழித்திரையின் உள்ளடுக்கில் சில நரம்பு செல்களிலும் இருக்கிறது! அந்த செல்கள் உருவம் எதையும் காட்டுவதில்லை. வெளிச்சம், குறிப்பாக நீல வெளிச்சம், எவ்வளவு நேரமாக எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் மூளையின் கடிகாரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பார்வை முழுக்கப் போன சிலருக்கும் இரவு பகல் ஒழுங்காக ஓடுவது இதனால்தான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்தச் சேதியைக் கேட்டுக் கடிகாரம் எந்தப் பக்கம் நகரும் என்பது நேரத்தைப் பொறுத்தது. நாமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால் உடல் வெப்பம் மிகக் கீழே இறங்கும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், அதற்கு முன்னால் படுவது பின்னுக்குத் தள்ளும். லீவு நாளில் 8 மணிக்கு எழும் பெண்ணுக்கு அந்த அடிமட்டம் 5, 5.30 வாக்கில் வரும். அவளை 4.15க்கு எழுப்பி, டியூப்லைட் போட்டு, 5 மணிக்கு கிரவுண்டில் பெரிய விளக்குக்குக் கீழே நிறுத்தினால், கடிகாரத்துக்கு அது இன்னும் முந்தின நாளின் சாயங்காலம் மாதிரிதான். அன்றிரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போக வாய்ப்பு உண்டு. சீக்கிரம் எழுப்பினால் தானாகச் சீக்கிரம் தூங்கிவிடுவார்கள் என்ற கணக்கு இங்கேதான் உதைக்கிறது. ராத்திரி படுக்கையில் பார்க்கும் போனும் அதே பின்பக்கத் தள்ளல்தான், அம்மாவின் சந்தேகம் அந்த அளவுக்குச் சரி.

தர்மபுரியில் ஜனவரி மாதம் சூரியன் உதிக்கவே 6.40 தாண்டிவிடும், ஓசூர்ப் பக்கம் பனிமூட்டம் வேறு. அதனால் மார்கழி, தையில் பிராக்டிஸை 6.30க்குத் தள்ளிக் கேட்டுப் பாருங்கள். முடியாதென்றால், கிளம்பும்வரை வீட்டில் சின்ன விளக்கு போதும். விடிந்த பிறகு அரைமணி நேரமாவது திறந்த வெளியில் இருக்கட்டும். ஞாயிறு பத்து மணிவரை தூங்கவிட்டால் காலை வெளிச்சம் கைவிட்டுப் போகும், திங்கள் இன்னும் மோசமாகும். மதியத் தூக்கம் இருபது நிமிடம் தாராளமாகப் போடலாம்.

இதெல்லாம் எங்கேயோ நடந்த ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார், மனிதர்களை நேரமே தெரியாத தனி அறையில் தங்கவைத்தும் பார்த்தார். வௌவாலுக்கு எதற்குப் பணம் என்று கேட்கும் ஆட்கள் நிதி ஒதுக்கும் இடத்தில் இருந்தால் இந்தத் துறையே முளைத்திருக்காது.

இன்னொன்று. உடல் வெப்பமும் தசை வலுவும் உச்சத்தில் இருப்பது பிற்பகலிலிருந்து மாலைக்குள், ஆக உடம்பைக் கேட்டால் பிராக்டிஸுக்கு ஐந்து மணி சரியான நேரம்தான், சாயங்காலம் ஐந்து. அந்த நேரத்தைத்தான் பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் சிறப்பு வகுப்பு எடுத்துக்கொள்கிறதே, அப்புறம் பி.டி. சார் எங்கே போவார்? முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்.