வழங்குநர் சாரா முகவரி: சொல் விளக்கம்

நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் ‘பிஐ பிளாக்’ என்று சொல்வது, புரொவைடர் இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம். இணையச் சேவை வழங்குநரின் பங்கிலிருந்து பெறாமல், மண்டலப் பதிவகத்தில் (உலகின் ஒரு பகுதிக்கு முகவரிகளைப் பங்கிட்டுப் பதியும் அமைப்பு அது) ஒரு நிறுவனம் தன் பெயரிலேயே பதிந்து வாங்கும் ஐபி முகவரித் தொகுதி அது.

1980களில் இந்தப் பெயருக்கே தேவை இல்லை. கேட்டவர்களுக்கு நேரடியாகவே கொடுத்தார்கள். ஏ, பி, சி என்று மூன்றே அளவு. சி வகுப்பில் 256 முகவரிகள். அது போதாவிட்டால் பி வகுப்பின் 65,536-ஐ வாங்க வேண்டியதுதான். பி வகுப்பு மளமளவென்று தீர்ந்துகொண்டு வந்தது, எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர்கள் வைத்திருக்கும் வழிப்பட்டியலும் வீங்கியது. 1993-இல் சைடர் (CIDR) முறை வந்து வகுப்புகளை ஒழித்தது. 203.0.113.0/24 என்று எழுதினால், முகவரியின் 32 பிட்டில் முதல் 24 மாறாது. மிச்சமுள்ள 8 பிட்டில் 256 முகவரிகள். /23 என்றால் அதில் இருமடங்கு. (அந்த 203.0.113.0/24 எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைத்தது. யாருக்கும் சொந்தமில்லை, தைரியமாக எழுதலாம்.)

சைடருக்குப் பின் வழங்குநர்கள் பெரிய தொகுதியாக வாங்கி, வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வெளியே ஒரே வரியாக அறிவிக்கத் தொடங்கினார்கள். இது பிஏ, அதாவது புரொவைடர் அக்ரிகேட்டபிள். வழிப்பட்டியலுக்கு நல்லது, வாடிக்கையாளருக்குத்தான் கால்கட்டு. வழங்குநரை மாற்றினால் முகவரியைத் திருப்பித் தர வேண்டும். சர்வர், ஃபயர்வால், டிஎன்எஸ், அப்புறம் மற்ற நிறுவனங்கள் வைத்திருக்கும் அனுமதிப் பட்டியல் வரை அத்தனையையும் மாற்றியாக வேண்டும். பிஐ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கூடவே ஒரு ஏஎஸ் எண்ணும் (தனித்து இயங்கும் நெட்வொர்க்குக்கான அடையாள எண்) வாங்கி, இரண்டு வழங்குநர்கள் வழியாக பிஜிபியில் (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) அறிவித்தால், ஒரு இணைப்பு விழுந்தாலும் மற்றதில் போக்குவரத்து ஓடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சுதந்திர முகவரி’ பொருந்தாது. பதிவகத்தின் விதிகளும் கட்டணமும் இதற்கும் உண்டு. விடுதலை வழங்குநரிடமிருந்து மட்டும்தான். ‘தன்னாட்சி’யை ஏஎஸ்ஸுக்கு, அதாவது அட்டானமஸ் சிஸ்டத்துக்கு, விட்டுவிடலாம். அரசு சாரா நிறுவனம், அணி சாரா நாடுகள் என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறது. எதைச் சாரவில்லை என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. எனவே பிஐ, வழங்குநர் சாரா முகவரி. பிஏ, வழங்குநர்வழி முகவரி. ஆசிய பசிபிக் பதிவகமான ஏபிநிக் பிஐயை ‘போர்ட்டபிள்’ என்கிறது. அகராதியைப் பார்த்து அதைக் ‘கையடக்க முகவரி’ ஆக்கிவிடாதீர்கள். பெயர்த்தகு முகவரி என்றால் பொருள் நிற்கும்.

இன்னொரு இணையும் தமிழில் குழம்பிக் கிடக்கிறது. மேலும் பிரித்துக் கொடுப்பதற்காகத் தருவது அலொகேஷன். சொந்தப் பயன்பாட்டுக்கென்று தருவது அசைன்மென்ட். இரண்டையும் ‘ஒதுக்கீடு’ என்றே எழுதுகிறோம். அரசு வழக்கில் நில ஒப்படை என்றொரு சொல் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் அசைன்மென்ட் ‘முகவரி ஒப்படை’ ஆகும், ஒதுக்கீடு அலொகேஷனுக்கு மட்டும் நிற்கும்.

மேலே சொன்ன 32 பிட் முகவரி முறையான ஐபிவி4-இன் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. கடைசித் தொகுதிகளை ஐந்து மண்டலப் பதிவகங்களும் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டன. இப்போது ஐபிவி4-இல் பிஐ வேண்டுமானால் பெரும்பாலும் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து பெயர் மாற்றித்தான் வாங்க வேண்டும். அதுவும் /24-ஐவிடச் சிறியதாக இருந்தால், அந்த அறிவிப்பைப் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை. அதற்கு அடுத்து வந்த, நீளமான முகவரி கொண்ட ஐபிவி6-இல் அந்த நெருக்கடி இல்லை: வழக்கமாகத் தரும் ஒரு /48-க்குள்ளேயே 65,536 துணை நெட்வொர்க்குகள் அடங்கும்.