மேமோகிராமில் அழுத்துவது எதற்காக?

குழித்துறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். திருவனந்தபுரத்தில் மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட அவருடைய மயினி, இரண்டு தகடுகளுக்கு நடுவே மார்பகத்தை வைத்து இறுக்கியதை நினைத்து, இனி அந்தப் பரிசோதனைக்கே போவதில்லை என்கிறாராம். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது இல்லாத அழுத்தம் இதற்கு மட்டும் எதற்கு என்பது கேள்வி.

நெஞ்சுப் படத்தில் எலும்பும் காற்றும் தாமாகவே பிரிந்து தெரியும். மார்பகத்திலோ கொழுப்பு, பால்சுரப்பி, கட்டி ஆகிய மூன்றும் அடர்த்தியில் நெருங்கியவை. ஆற்றல் மிகுந்த கதிர் அவற்றை ஏறக்குறைய ஒன்றுபோலவே கடந்துவிடும். ஆற்றலைக் குறைத்தால் அணுக்கள் கதிரை விழுங்குவது கூடுகிறது. அந்தத் திறன் அணு எண்ணின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்குக்கேற்ப உயர்வதால், கொழுப்பில் நிறைந்த கார்பனுக்கும் (6) சுரப்பியிலும் கட்டியிலும் மிகுந்த நீரின் ஆக்சிஜனுக்கும் (8) உள்ள சிறு வேறுபாடு படத்தில் பெரிதாகிறது. கால்சியமோ (20) வெண்புள்ளியாகப் பளிச்சிடுகிறது. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய கால்சியத் துகள்களின் கொத்து, எப்போதும் புற்றைக் குறிப்பதில்லை என்றாலும், கையில் தட்டுப்படும் கட்டி வருமுன்பே கிடைக்கக்கூடிய தடயம்.

அப்படியொரு மென்கதிரை எப்படிப் பெறுவது? 1960களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மருத்துவர் சார்ல் குரோவின் முயற்சியில் உருவான தனிக் கருவியில், கதிரை எழுப்பும் உலோகமாக மாலிப்டினம் அமைந்தது. மாலிப்டின அணுவின் உள்வட்ட எலெக்ட்ரானைப் பெயர்க்க 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். காலியான அந்த இடத்துக்கு வெளிவட்ட எலெக்ட்ரான் ஒன்று இறங்கும்போது பிறக்கும் கதிரின் ஆற்றலோ ஏறத்தாழ 17.5 அல்லது 19.6தான், ஆகவே இன்னொரு மாலிப்டின அணுவின் உள்வட்டத்தை உடைக்க அதற்கு வலுவில்லை. இப்போது, 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள மாலிப்டினத் தகட்டையே வடிகட்டியாக வழியில் வைத்தால், 20ஐத் தாண்டிய கதிர்களில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. உடலைக் கடக்க வலுவின்றித் தோலிலேயே தங்கக்கூடிய மெலிந்த கதிர்களையும் தடுக்கிறது. தன் இனத்தில் பிறந்த கதிருக்கு மட்டும் தாராளமாக வழிவிடுகிறது. ஓர் உலோகம் தன் கதிரைத் தானே அடையாளம் கண்டுகொள்வதுபோன்ற இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் டங்ஸ்டனும் ரோடியம் அல்லது வெள்ளி வடிகட்டியும் வந்துவிட்டாலும், ஆற்றலை வடிகட்டித் தேர்ந்தெடுக்கும் எண்ணம் அதேதான்.

மென்கதிரால் தடித்த தசையை ஊடுருவ முடியாது என்பதால்தான் அழுத்தம். குமரி மாவட்டத்தில் ரப்பர் ஷீட் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உறைந்த பாலின் தடித்த கட்டிக்குள் கிடக்கும் பட்டைத்துணுக்கு கண்ணுக்குத் தெரியாது. அதையே மெல்லிய ஷீட்டாக்கி, உலர்த்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கடுகளவு தூசியும் தெரியும். மார்பகம் தட்டையாகும்போது ஒன்றன்மேல் ஒன்றாக நிழலிட்ட திசுக்கள் விலகுகின்றன, சிதறும் கதிர் குறைகிறது, அசைவு நிற்கிறது, உடல் ஏற்கும் கதிரளவும் குறைகிறது. பக்கத்துக்கு இரண்டாக எடுக்கும் நான்கு படங்களுக்கும் சேர்த்து உடல் பெறுவது சுமார் 0.4 மில்லிசீவர்ட், ஏழு வாரங்களில் இயற்கையாகவே நாம் பெறும் அளவு.

இளம்பெண்களின் மார்பகத்தில் சுரப்பித் திசு மிகுந்திருப்பதால் கட்டியும் சுரப்பியும் சேர்ந்து வெள்ளையாகவே தெரியும். அங்கே அல்ட்ராசவுண்ட் துணைக்கு வருகிறது. மேமோகிராம் வசதி எட்டாத இடங்களுக்கு வேறு வழியும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர், 1,51,538 பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு, அனைவரையும் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் 50 வயதைக் கடந்தவர்களிடையே மார்பகப் புற்றால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினரிடம் அத்தகைய குறைவு தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இத்தகைய நீண்ட, பொறுமையான ஆய்வுகளுக்குத்தான் அரசுகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயின் பெயரை வாயால் சொன்னாலே வந்துவிடும் என்ற அச்சத்தையும், அதனால் தள்ளிப்போகும் மாதங்களையும் நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது.

வாசகியின் மயினிக்கு மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை என்றால், அது முடிந்த அடுத்த வாரத்தில் வலி குறைவாக இருக்கும். அன்று அக்குளில் பவுடரோ வாசனைப் பூச்சோ வேண்டாம். அவற்றிலுள்ள தாதுத் துகள்களும் படத்தில் கால்சியம்போலவே வெண்புள்ளியாக விழும். சென்ற முறை எடுத்த படங்களையும் கையோடு கொண்டுபோகட்டும்; புதிதாகத் தோன்றிய புள்ளி எது, முன்பே இருந்தது எது என்பதை மருத்துவர் அவற்றை வைத்துத்தான் பிரித்தறிவார்.