பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

பழைய மடிக்கணினியை அழித்து லினக்ஸை மறுபடி நிறுவும் முன், என் கோப்புகளை எல்லாம் ‘எந்தப் பெயரும்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி (*) போட்டுப் பென் டிரைவுக்கு நகலெடுத்தேன். படங்கள் வந்தன, கட்டுரைகள் வந்தன. புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்ஹெச் கோப்புறை மட்டும் வரவில்லை. சர்வருக்குள் நுழையும் சாவி அதில்தான் இருந்தது. கவனித்தபோது வட்டு துடைக்கப்பட்டிருந்தது.

லினக்ஸில் கோப்பை மறைக்கப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி போதும். பூட்டும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு மறைந்த கோப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. கேட்டால் எல்லாப் பெயர்களையும் எடுத்துக் கொடுத்துவிடும். அதை வாங்கிப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளைதான் புள்ளிப் பெயர்களைத் தாண்டிப் போகிறது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் நட்சத்திரக் குறிக்கும் அதே வழக்கம். விண்டோஸில் அப்படியல்ல: மறைப்பு என்பது கோப்போடு பதியப்படும் ஒரு பண்பு, பெயரில் புள்ளி இருந்தாலும் மறையாது.

இந்த வழக்கம் வந்த கதையை, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் குழுவில் பணியாற்றிய ராப் பைக் 2012இல் எழுதினார். யூனிக்ஸின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு பெயர்கள் சேர்ந்தன. ஒற்றைப் புள்ளி அந்தக் கோப்புறையையே குறிக்கும்; இரட்டைப் புள்ளி அதற்கு மேலே உள்ளதை. பட்டியலில் இவை வராமலிருக்க, யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனோ டென்னிஸ் ரிட்சியோ எல்எஸ்ஸில் ஒரு சோதனை வைத்தார்: முதல் எழுத்து புள்ளியா? ஆமென்றால் விட்டுவிடு. முழுப் பெயரை ஒப்பிட்டிருந்தால் அந்த இரண்டு மட்டும் மறைந்திருக்கும். குறுக்குவழியால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்தன. அது தவறு என்றே பைக் சொல்கிறார், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அப்புறம் ஒவ்வொரு நிரலும் தன் அமைப்புக் கோப்பை அந்த மறைவில் கொண்டுவந்து வைத்தது.

சரி, மறைந்தவற்றை மட்டும் எப்படிப் பார்ப்பது? கொடுத்ததை அப்படியே அச்சிடும் எக்கோ (echo) கட்டளைக்குப் பின் .* என்று கொடுக்கலாம். ஆனால் பல ஷெல்களில் அந்த இரண்டு புள்ளிப் பெயர்களும் கூடவே வரும். அதனால் .[!.]* என்று எழுதுகிறோம்: முதலில் புள்ளி, அடுத்து புள்ளி அல்லாத ஓர் எழுத்து, பிறகு எதுவும். இதில் ‘..பழையது’ போன்ற பெயர் நழுவிவிடும், அதற்காக ..?* என்பதையும் சேர்க்க வேண்டும். எதுவுமே பொருந்தாவிட்டால் ஷெல் அந்தக் குறிகளையே அச்சிட்டு வைக்கும். எனவே ஒரே வேலையை ஒவ்வொன்றுக்கும் திரும்பச் செய்யும் ஃபார் (for) சுழலில் ஒவ்வொரு பெயரையும் எடுத்து, அப்படியொரு கோப்பு உண்மையிலேயே உண்டா என்று பார்த்து அச்சிடுவது நல்லது.

நான் வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் இதைச் செய்யும் நான்கு வரிதான். எந்த வட்டைத் துடைக்கும் முன்னும் அதை ஒருமுறை ஓட்டுகிறேன்.